புதுநன்மைக்கு ஒரு காளான் கறி

“கோதுமை பட்ட கரண்டி எல்லாத்தையும் வெளிய தூக்கிப் போட்டுட்டேன் மதினி.”

புன்னைக்காயல் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்தவள் சொன்னாள். மடியில் காளான் பாக்கெட்டுகளை அணைத்துப் பிடித்திருந்தாள். ஜன்னலோரம் அவளுடைய மதினி.

“ஏளா, அவ்வளவு பயமா?”

“ஒரு பொட்டு மாவு பட்டாலே எம்பிள்ளை வயிறு வீங்கித் துடிக்கா. ஆயுசுக்கும் கோதுமை ஆகாதுன்னுட்டாரு டாக்டர். ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல புதுநன்மை வாங்குதா, அவளுக்கு மொத நற்கருணை. அவ விருந்துல அவளே பாத்துக்கிட்டு நிக்கலாமா?”

“என்ன வைக்கப் போற?”

“ஆட்டுக்கறியக் கொத்தி, காளான் போட்டு, கெட்டியா ஒரு குழம்பு. மைதா கரைச்சு ஊத்த மாட்டேன், வீட்டுல திரிச்ச அரிசிமாவுதான். சோயா சாஸ்லயும் கோதுமை இருக்காம். கடைப் பெருங்காயத்துல கூட மாவு கலக்குதாவ மதினி!”

“சட்டி?”

“புதுச்சட்டி. நான் மட்டுந்தான் தொடுவேன்.”

பஸ் உப்பளங்களைத் தாண்டிப் போனது. மதினி ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

“எல்லாம் சரிதாம்ளா. விருந்துக்கு முந்தி, பூசையில பங்குச்சாமியார் பிள்ளை நாக்குல ஓஸ்தி வைப்பாரே. அந்த அப்பத்த எதுல சுடுதாவ?”

காளான் பாக்கெட் கசங்கும் சத்தம் கேட்டது.

“கோதுமை மாவுலதான்.”

இரண்டு நிறுத்தங்கள் போயின.

“பூசையில அது ஆண்டவரோட உடம்பா மாறிரும்லா மதினி?”

மதினி அவள் மடியிலிருந்த பாக்கெட்டுகளைப் பார்த்தாள்.

“முழுசா மாறிரும்லா?”