ஆம்புரோஸ் அடி

வெள்ளை வண்ணத்தைவிடக் கறுப்பு சீக்கிரம் உரிந்துவிடும், சார்ஜென்ட். வெயிலை அதிகம் இழுத்துக்கொள்கிறது, அதனால். ஆகவே கறுப்புப் பட்டைகளுக்கு இரண்டு பூச்சு, வெள்ளைக்கு ஒன்று. பிரிம்வெல் துறையில் நிற்கும் அளவுக் கம்பத்துக்கு முப்பது வருஷமாக அப்படித்தான் பூசி வருகிறேன். மரண விசாரணை அன்று மாவட்டப் பொறியாளர் அந்தக் கம்பத்தை அளந்துபார்த்துவிட்டு, அரை அங்குலம்கூடப் பிசகில்லை என்றார். விசாரணை அதிகாரி எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். இருந்தும் நீங்கள் வந்திருக்கிறீர்கள். பண்ணைக்காரர் ஜெத்ரோ பஃப்டன் உங்களிடம் பேசியிருப்பார். இரண்டு மாதமாக அந்தக் கம்பம் ஒரு அடி கூடுதலாகக் காட்டியது என்று சொல்லியிருப்பார். அவர் சொன்னதும் உண்மை, பொறியாளர் சொன்னதும் உண்மை. இரண்டும் எப்படி உண்மையாகும் என்று விளக்குகிறேன். சிக்கலான விஷயம் இல்லை.

மார்ல் ஓடைக்கு எங்கள் ஊரில் பாலம் கிடையாது. சாலை நேராகத் தண்ணீருக்குள் இறங்கி, இந்தக் கரையில் என் வீட்டுக்கு ஐம்பது கஜம் தள்ளி ஏறுகிறது. அந்த இடத்தைத்தான் துறை என்கிறோம். துறையின் ஓரத்தில், படுகைக்குள் நாலடி ஆழத்துக்கு ஓர் இரும்புக் குழாய் புதைத்திருக்கிறது. ஓக் மரக் கம்பம் அதற்குள் மூன்றடி இறங்கும். மிச்சம் ஓரடியில் கூழாங்கல் நிரப்பியிருக்கும், கம்பத்தின் அடி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். வண்ணம் பூசக் கம்பத்தை உருவி எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று நானே செய்த ஏற்பாடு. ஓடையைக் கடக்க வருகிறவர் கம்பத்தில் தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்ப்பார். ஒன்றரை வரை கார் போகும். மூன்று வரை டிராக்டர் போகும். அதற்கு மேல் யாரும் போகக்கூடாது, குன்றின் மேல் பாதையாக ஒன்பது மைல் சுற்றி வரவேண்டும்.

கூழாங்கல்லை அள்ளி வெளியே போட்டால் கம்பம் ஓரடி கீழே இறங்கும். தண்ணீர் ஓரடி கூடுதலாகத் தெரியும். செப்டம்பரில் அதைத்தான் செய்தேன்.

அதற்குக் காரணம் என் மனைவி ஆலிவ். கோடையிலேயே அவள் வயிற்றில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். அறுவைக்கெல்லாம் நேரம் கடந்துவிட்டது. வட்டார நர்ஸ் ஹில்டா மேட்லி தினமும் தன் சின்ன மோரிஸ் காரில் துறையைக் கடந்து வந்து அவளுக்கு வலி ஊசி போடுவார். நல்ல பெண்மணி, நான் இல்லையென்று சொல்லவில்லை. உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் கேட்கும். நான் சமையலறையில் கெட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டால், "உங்களுக்குப் புரியாதுங்க" என்பாள் ஆலிவ். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் எனக்குப் புரியாதது ஒன்று அந்த அறைக்குள் நடந்தது. நோயாளிக்கு அமைதி வேண்டும். அவ்வளவுதான் நான் நினைத்தது.

கம்பம் இறங்கிய பிறகு நர்ஸ் மேட்லியால் தினமும் வர முடியவில்லை. கம்பத்தில் இரண்டைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பி, குன்றைச் சுற்றி வருவார். அப்படிச் சுற்றினால் மற்ற நோயாளிகளுக்கு நேரம் போதாது. ஆகவே வாரத்துக்கு மூன்று நாள் என்றானது. மற்ற நாட்கள் எங்களுடையவை. ஆலிவுக்கு நான் கஞ்சி ஊட்டினேன். ஜன்னல் பக்கம் தூக்கி உட்காரவைத்து, தோட்டத்தில் ஆப்பிள் உதிர்வதைக் காட்டினேன். ஊசி இல்லாத நாட்களில் அவள் போர்வை ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பாள். அந்த ஓரத்தை நான் மாற்றித் தைத்தேன், இரண்டு தடவை.

ஆனால் கிராமத்துக்காரர்கள் தண்ணீரை மறப்பவர்கள் இல்லை. ஜெத்ரோ டிராக்டரில் போகும்போது அச்சு நனையவில்லை என்பதைக் கவனித்துவிட்டார். ஒருநாள் மதியம் மதுக்கடையில் நான் ஒரு கோப்பை சைடரோடு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் மேட்லியும் கடைக்காரருடைய மனைவியின் காலுக்குக் கட்டுப்போட வந்திருந்தார்.

"ஏம்பா ஆம்புரோஸ், ஒன் கம்பம் என்ன தேர்தல்ல நிக்கிதா?" என்றார் ஜெத்ரோ. "வாயத் தொறந்தா பொய்யா வருதே."

எல்லாரும் சிரித்தார்கள்.

"படுகை சரிஞ்சிருக்கும்," என்றேன். "வசந்தத்துல தண்ணி வத்துனதும் சரி பண்றேன்."

"அதுவரைக்கும் நாங்க என்ன பண்றது, நீந்தியா வர்றது?"

"நீங்க நீந்துனா தண்ணி கரையேறிடும், ஜெத்ரோ," என்றார் நர்ஸ் மேட்லி, கட்டுப்போடும் காலிலிருந்து தலை நிமிராமல். "ரொம்ப சுலபம். கம்பம் சொல்றதுல ஒரு அடியக் கழிச்சுக்கங்க. நேத்து நானே பூட்ஸ் போட்டு எறங்கி அளந்தேன். கணக்கா ஒரு அடி."

"அப்ப அது இங்கிலீஷ் அடி இல்ல," என்றார் ஜெத்ரோ. "ஆம்புரோஸ் அடி."

பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு வாரத்தில் பால் வண்டிக்காரர், தபால்காரர், பாதிரியார் எல்லாருமே ஆம்புரோஸ் அடியைக் கழித்துவிட்டுத்தான் துறையில் இறங்கினார்கள். இந்தக் கம்பத்தை வெளியூர்க்காரன் பார்த்தால் பயந்து திரும்பிவிடுவான். எங்கள் ஊர்க்காரன் மட்டும்தான் இரண்டரையைப் பார்த்து ஒன்றரை என்று நினைப்பான். நர்ஸ் மேட்லி மறுபடி தினமும் வர ஆரம்பித்தார்.

நவம்பர் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை. அன்று கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை.

"ஆஸ்பத்திரில ராத்திரியும் ஊசி போடுவாங்களா?" என்று ஆலிவ் கேட்டாள்.

"கேட்டப்பல்லாம் போடுவாங்க கண்ணு. வியாழக்கிழமையிலேந்து ஒங்களுக்கு ஒரு கட்டில் சொல்லி வெச்சிருக்கேன். ரெண்டு மணிக்கு வர்றேன். பின் சீட்ல தலகாணி போட்டு ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன்."

"அவருகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"வேணாம். போறப்ப சொல்லிக்கலாம். இல்லேன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு." பிறகு மெதுவாக, "எப்படியாவது கூட்டிட்டுப் போயிடுங்க நர்ஸம்மா."

வலியில் இருப்பவர்கள் பேசுவதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை அவள் பேசவில்லை, வலி பேசியது. முப்பத்தொரு வருஷம் வாழ்ந்த வீட்டை விட்டு, வரிசையாகப் போட்ட இரும்புக் கட்டில்களுக்கு நடுவே சாக யாருக்குத்தான் விருப்பம் இருக்கும்.

புதன்கிழமை மதியம் மேற்கே வேல்ஸ் மலைகள் தெரியவில்லை. மேகம் அவற்றைச் சுத்தமாக மூடியிருந்தது. அங்கே பெய்கிற மழை எங்கள் துறைக்கு வந்து சேரப் பதினெட்டு மணி நேரம் ஆகும். சின்ன ஓடைகள் முதலில் நிரம்பி, பிறகு மார்லில் சேர்ந்து, நமக்கு இங்கே வானம் வெறும் தூறலாக இருக்கும்போதே தண்ணீர் ஏறும். நான்கு மணிக்கு வாளியும் கரண்டியும் எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். கம்பத்தை உருவி, கூழாங்கல்லைக் குழாய்க்குள் திருப்பிப் போட்டு, கெட்டித்து, கம்பத்தை நிறுத்தினேன். மட்டம் பார்த்தேன். சேற்றைத் துடைத்தேன். தப்பாக இருந்த ஒன்றைச் சரிசெய்தேன், சார்ஜென்ட். அதை யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்குக் கம்பம் இரண்டரை காட்டியது. நான் இந்தக் கரையில் வேலிச் செடிகளை வெட்டிக்கொண்டிருந்தேன். மறுகரையில் மோரிஸ் வந்து நின்றது. நர்ஸ் மேட்லி கண்ணாடியை இறக்கி, தலையை நீட்டினார்.

"ஆம்புரோஸ், ரெண்டர காட்டுது. அப்ப ஒண்ணர தானே?"

நான் கையை உயர்த்தினேன்.

எங்கள் பக்கத்தில் கையை உயர்த்துவது வணக்கம் சொல்வதற்கும்தான், வா என்பதற்கும்தான். நான் வணக்கம் சொன்னேன் என்று விசாரணையில் சொன்னேன். அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு அப்போதே தெரியும். அதற்காகத்தான் உயர்த்தினேன். இதை இதற்கு முன் யாரிடமும் இப்படி நேராகச் சொன்னதில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

தூறல் விழுந்ததால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இறங்கினார். ஒன்றரை அடித் தண்ணீரில் சக்கரம் தரையைப் பிடித்திருக்கும். இரண்டரையில் கார் காராக இருக்காது, மூடிய தகர டப்பா ஆகிவிடும். மிதக்கும். நடுத்துறையில் அதன் பின்பக்கம் மெல்லத் திரும்பியது. பிறகு வளைவுக்குக் கீழே ஆல்டர் மர வேர்கள் இருக்கும் மடுவுக்குப் போனது. வெளியே தண்ணீர் அழுத்திக்கொண்டிருக்கும்போது கதவைத் தள்ளித் திறக்க முடியாது. உள்ளேயும் நிரம்பிய பிறகுதான் திறக்கும். அவ்வளவு நேரம் காத்திருக்க ஒரு மனிதருக்குத் தோன்றாது.

கொட்டகையில் கயிறு இருந்தது. எடுக்கப் போனேன். ஓடவில்லை. ஈரப் புல்லில் ஓடினால் வழுக்கும்.

சாயங்காலம் ஜெத்ரோவும் இன்னும் நான்கு பேரும் டிராக்டரில் சங்கிலி கட்டி வண்டியை வெளியே இழுத்தார்கள். பின் சீட்டில் இரண்டு தலையணை இருந்தது, பூப்போட்ட உறை. அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. ஜெத்ரோ அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் ரொம்ப நேரம் நின்றார். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது ஆலிவ் உடுத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எப்படித் தனியாக உடுத்தினாளோ. சர்ச்சுக்குப் போடும் நீல உடை, தொப்பி, கையுறைகூட. பித்தான்கள் ஒன்று மாற்றி ஒன்று மாட்டியிருந்தன. விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை.

"கம்பம் எவ்வளவு காட்டுச்சு?" என்று கேட்டாள்.

"ரெண்டர."

"தண்ணி எவ்வளவு இருந்துச்சு?"

முப்பத்தொரு வருஷம் இந்தச் சாலையைப் பார்த்துக்கொள்பவனுக்கு மனைவியாக இருந்தவள். அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை.

"ரெண்டர," என்றேன்.

என் கைகளைப் பார்த்தாள். பிறகு கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வட்டாரத்திலிருந்து வேறொரு நர்ஸ் இரண்டு முறை வந்தார். ஆலிவ் வீட்டிலேயே இருக்க முடிவுசெய்துவிட்டாள் என்று வாசலிலேயே சொன்னேன். அவர் உள்ளே வந்து, "அப்படித்தானாம்மா?" என்று கேட்டார். ஆலிவ் மறுக்கவில்லை. கஞ்சியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வாள், கடைசி நேரத்தில் பசி போய்விடும் என்று சொல்வார்கள். போர்வையைக்கூடக் கடிக்கவில்லை. பதினோராம் நாள் காலையில், சுவரைப் பார்த்தபடியே, போய்விட்டாள்.

ஜெத்ரோ என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அவள் ஆசைப்பட்டபடி, தன் வீட்டில், தன் கட்டிலில், தன் புருஷன் பக்கத்தில் இருந்தாள். எத்தனை தம்பதிகளுக்கு அது கிடைக்கிறது? அந்தப் பதினோரு நாளும் எங்களுக்குள் ஒரு வார்த்தைச் சண்டைகூட வரவில்லை, சார்ஜென்ட்.