உரப்பையில் மிளகுக்கொடி

அம்மா இறந்த முப்பதாம் நாள் காரியத்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டு பதுளையிலிருந்து தெமோதரை பஸ்ஸில் வந்தேன். முன் சீட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இரண்டு பேர்.

“மிளகுக்கொடிய உரப்பையிலதான்க்கா நட்டிருக்கேன்.”

“மண்ணுல நட்டாத்தானடி நல்லா காய்க்கும்?”

“நாம குடியிருக்க லயத்துக்குப் பின்னால இருக்க மண்ணு நம்ம பேர்லயா இருக்கு? போன தடவ வாழை வச்சேன். தோட்டத்துத் தொரை வெட்டச் சொல்லிட்டாரு. நாளைக்குப் போன்னு சொன்னா பையத் தூக்கிட்டுப் போயிரலாம். புள்ள படிப்புக்கு அந்த மிளகத்தான் நம்பியிருக்கேன்.”

“கெட்டிக்காரிதான்! அப்ப லயத்தையும் பையில போட்டுக்க.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு சின்னவள் மெதுவாகக் கேட்டாள்.

“தேயிலைக்குள்ள பொதச்சிருக்க எங்க வீட்டுக்காரர என்னக்கா பண்றது?”



அம்மாவையும் தேயிலைக்குள்தான் புதைத்திருக்கிறோம்.