சவர்க்காரம் நுரைத்த வீடு

மேடையில் அமர்ந்திருக்கும் சனசமூக நிலையத் தலைவர் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, பரமலிங்கம் ஐயாவின் துணைவியார் பராசக்தி அக்கா அவர்களே, கனடாவிலிருந்து வந்திருக்கும் மகன் மயூரதன் அவர்களே, ஆடி வெயிலையும் பாராமல் மண்டபத்தை நிறைத்திருக்கும் ஊரவர்களே! உங்கள் எல்லோருக்கும் இராசமலரின் வணக்கம்.

அக்கா, நீங்கள் தண்ணீர் குடியுங்கோ. வெயிலுக்குத் தொண்டை வறளும். வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவந்தது நல்லதாய்ப் போயிற்று. இங்கே பானையில் இருப்பது கிணற்றுத் தண்ணீர்.

நீர்க் காவலர் பரமலிங்கம் ஐயா மறைந்துவிட்டார்! நம்ப முடிகிறதா? எங்கள் வட்டார நீர்க் குழுவின் தலைவர் கதிரையில் அவர் இருந்த இருப்பு என்ன, மீசையைத் தடவிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக அண்ணாந்து பார்த்து நடந்த நடை என்ன! ஊரில் மற்றவர்கள் கோயிற் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். ஐயா மழைத் தண்ணீர் இறங்கும் எங்கள் கூரைப் பீலிகளைப் பார்ப்பார். அந்தக் கதிரையில் இப்போது என்னை இருத்தியிருக்கிறீர்கள். அதனால்தான் இன்று பேசுகிறேன்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு ஆறு இல்லை. வானம் தருவதைக் கிணறு வைத்திருந்து தரும், அவ்வளவுதான். காணி உறுதியில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் சேர்த்து எழுதித்தான் நாங்கள் பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்கிறோம். அந்தப் பங்குக் கிணறுகள் உவர்க்கத் தொடங்கியபோது பிரதேச சபை ஒரு விதி கொண்டுவந்தது. கூரையில் விழும் மழையை ஒருவரும் தொட்டியில் பிடித்து வைக்கக் கூடாது. குழி வெட்டி நிலத்துக்குள் விடவேண்டும். அது எல்லோருடைய கிணற்றுக்கும் போய்ச் சேரும்.

நல்ல விதி. இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல விதி. நல்ல விதிக்கு ஒரு நல்ல காவலர் வேண்டாமா? ஐயா கிடைத்தார்!

அவருடைய சேவைக்கு என் வீடே சாட்சி. என் கணவர் நமசிவாயத்துக்குச் சிறுநீரகத்தில் கல். கிணற்றுத் தண்ணீரை விட்டு மழைத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னார் டொக்டர். குசினிக்குப் பின்னால் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டினோம். ஐயா வந்தார். கூலியாளை அனுப்பவில்லை, தானே வந்தார். கையில் குழி தோண்டும் இரும்பு அலவாங்கு.

"ஐயா, அந்த மனுசன் குடிக்கிறதுக்கு மட்டுந்தான். ஒரு சொட்டும் வேறையொண்டுக்கும் எடுக்கிறதில்லை" என்று கெஞ்சினேன்.

"தங்கச்சி, உம்மடை கூரையிலை விழுந்தாலும் மழை கிணத்துக்குத்தான் சொந்தம். ஆருக்கு என்ன வருத்தமெண்டு விதிக்குத் தெரியாது" என்றார்.

எவ்வளவு தெளிவு! சொல்லிவிட்டுத் தொட்டியின் அடியில் அலவாங்கை இறக்கினார். தண்ணீர் என் காலுக்குள்ளால் ஓடி வாழையடிக்குப் போனது. என் கணவர் கட்டிலில் இருந்தபடி யன்னலால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் அவர் போய்ச் சேர்ந்தார். கிணற்றுத் தண்ணீரால்தான் செத்தார் என்று டொக்டர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அப்போது இதே மண்டபத்தில், இதே ஒலிவாங்கியில் ஐயா இரங்கலுரை ஆற்றினார். "ஊருக்காகத் தன் தாகத்தை அடக்கிய உத்தமர் நமசிவாயம்" என்றார். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் கைகூப்பி நின்றேன். அந்தப் பேச்சுக்குத்தான் இன்று பதில் மரியாதை செய்கிறேன்.

ஐயா கண்ணை மூடிய நாளை நினைத்துப் பாருங்கள். கிணற்றில் வாளி விட்டால் சேறு வந்த நாள். செத்தவீட்டுக்குக் கிணற்றுப் பங்காளிகள் தண்ணீர் இறைக்கும் தங்கள் முறையை விட்டுக்கொடுப்பது எங்கள் வழக்கம். வெங்காயம் வாடினால் வாடட்டும் என்று எல்லோரும் விட்டுக்கொடுத்தோம். பராசக்தி அக்கா அழுகைக்கு நடுவிலும் சொல்லியனுப்பினா: "வேண்டாம், எங்களிட்டை இருக்குது. நீங்கள் பயிருக்கு இறையுங்கோ."

அது அக்காவின் நல்ல மனம். அந்த நல்ல மனம்தான் ஐயாவைக் காட்டிக்கொடுத்தது.

எங்கே இருக்கிறது? எப்படி இருக்கிறது? பின்பக்கக் குழாயில் கை கழுவினேன். சவர்க்காரம் முழங்கை வரை நுரைத்தது! சுண்ணாம்புக் கல்லில் ஊறிய எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் என்றைக்காவது அப்படி நுரைத்ததுண்டா? பக்கத்தில் நின்ற அயல்வீட்டுப் பிள்ளை நிரோஜா என் கையைப் பார்த்தாள். "மாமி, உது மழைத் தண்ணியெல்லோ?" என்றாள். நான் அவளைப் பேசவிடவில்லை. உள்ளே போய் மற்றவர்களோடு சேர்ந்து அழுதேன். பறைமேளம் ஓய்ந்த நேரத்தில் விறாந்தைக்குக் கீழே மோட்டர் இரைகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஐயாவின் சாய்மனைக் கதிரை வழமையாகக் கிடக்கும் இடத்துக்கு நேர் கீழே தொட்டி. எங்கள் தொட்டிகளையெல்லாம் உடைத்துவிட்டு வந்து, அதன் மேல்தான் மனிதர் படுத்துக் களைப்பாறியிருக்கிறார்!

சபையோரே, சிரிக்காதீர்கள். இது இரங்கற் கூட்டம்.

இறந்தவரின் பணியைத் தொடர்வதுதான் அவருக்குச் செய்யும் அஞ்சலி. ஆகவே நீர்க் குழுவின் தலைவியாக உங்கள் முன் உறுதி சொல்கிறேன். நாளைக் காலை நாங்கள் ஐயா வீட்டுக்கு வருகிறோம். கூலியாள் வேண்டாம். ஐயாவின் அலவாங்கு குழுவின் அலுமாரியில் இருக்கிறது. அதை நானே எடுத்து வருவேன்.

தம்பி மயூரதன் எழும்புகிறார். சொல்லுங்கோ தம்பி, எல்லாருக்கும் கேட்கட்டும்.

கேட்டீர்களா? பின்னால் இருப்பவர்களுக்காகத் திருப்பிச் சொல்கிறேன். "அன்ரி, அப்பா செய்தது பிழைதான். ஆனால் அது அம்மாவுக்காகக் கட்டினது. அவவுக்கும் கல்லு வருத்தம். அவ உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யேல்லை" என்கிறார்.

உண்மை தம்பி. அக்கா எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. என்ரை மனுசன் கிடந்த நாட்களில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தவ. ஏதோ ஒரு தண்ணீரில்தானே காய்ச்சியிருப்பா? அந்தக் கஞ்சியைத்தான் அவர் வயிறாரக் குடித்தார். ஆனாலும் நாளைக்கு நான் வருவேன்.

பராசக்தி அக்கா, ஐயா இருந்திருந்தால் தம்பிக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்? அவரோடு இத்தனை காலம் வாழ்ந்தவ நீங்கள்தானே, சொல்லுங்கோ. மாட்டீர்களா? ஊருக்கே மனப்பாடமான பதில் அது, நானும் சொல்லத் தேவையில்லை.

உரையை முடிக்கிறேன். நீர்க் காவலருக்காக எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம்.

அக்கா, அந்தப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு நில்லுங்கோ.