எந்தப் பக்கத்துலருந்து படிச்சாலும்

இல்லண்ணே, சாவியோவ எழுப்ப முடியாது. ராத்திரி பூரா கை வலின்னு மொனவிகினு கெடந்தான், இப்பத்தான் மாத்திரய போட்டுட்டு கண்ண மூடுனான். நீ குந்து. அந்த ஸ்டூலு வேணாம், ஒரு காலு ஆடும். இப்டி பெஞ்சுல குந்து. இன்னா பொட்டலம், பிரியாணியா? சட்ட வேறயா? எங்க காட்டு. நல்லா கீதுண்ணே. முழுக்கை. மாவுக்கட்டு போட்ட கையில முழுக்கை சட்டய எப்டி நொழைக்கிறதுன்னு கடக்காரன் சொல்லிக் குடுத்தானா?

சிரிக்காம இன்னா பண்ணச் சொல்ற? நான் அப்டித்தான், உனக்குத் தெரியாதா? குடோன்ல நீ மேஸ்திரி, நான் பழைய பேப்பரு பிரிக்கிறவ. வாய மூடு மலரு, வாய மூடு மலருன்னு கத்திக் கத்தியே உன் தொண்ட காஞ்சிபூடும். இங்க கத்த முடியாது, இது என் வூடு.

எங்க வூட்டுக்காரரா? அவரு காலைலயே வெளிய போய்கீறாரு, வர லேட்டாவும். நீ அதுக்கு பயந்துக்காத. ஜேக்கப்பு அவரு தம்பிய அடிச்சதில்ல, தம்பியோட தோஸ்தயும் அடிக்கமாட்டாரு. அந்தப் பழக்கமே அவருக்கு வரல.

ஐயே, அவன் போனுக்கு அடிக்காதண்ணே, அது என் இடுப்புல கீது. கிர்ருகிர்ருன்னு கூச்சமா கீது, வெச்சுடு.

அம்மு, மாமா வண்டி சாவிய வாயில வெக்காத. சரி சரி, கையில வெச்சிக்க. வுடுண்ணே, புடுங்குனா தெருவயே கூட்டிடும். நீ இன்னா இப்பவே கெளம்பப் போறியா? சாவியோ எழுந்துக்கட்டும், கேளு, வர்றேன்னா இட்டுகினு போ. நான் தடுக்கமாட்டேன்.

இன்னா அங்கயே பாக்கற? ஆமா, அதே புஸ்தகந்தான். நீ சாவியோவுக்கு ஆசையா குடுத்தியே, அதே. அம்முவுக்கு சோறு ஊட்டசொல்ல அது மேலதான் குந்த வெப்பேன். நல்லா தடியா கீது, ஒசரம் கரெக்ட்டா கீது. அதுக்கு அந்த வேல பொருத்தமா கீது.

கோச்சுக்காத. நானும் படிச்சவதான் அத. படிச்சவன்னா, எங்க ஊரு பள்ளிக்கூடத்துல ஜப்பான்காரன் எழுத்தா சொல்லிக் குடுத்தாங்க? படத்தப் பாத்தேன். கண்டெய்னர்ல பழைய பேப்பரு கட்டு வந்து ஒடச்சப்போ, உள்ள பூரா படக்கத புஸ்தகமா கொட்டுச்சே, நெனப்பு கீதா? ரெண்டு ஆம்பளைங்க லவ்வு பண்ற புஸ்தகமா ஒரு கட்டு. கெங்கம்மா வாயப் பொத்திகினு ஓடுனா. நான் ஓடல. ரெண்டு ஆம்பள ஒண்ணா குந்திகினு இருந்தா எனக்கு இன்னா? அடுப்பு எரியணும், ஆளு சொகமா இருக்கணும், அவ்ளதான். சாவியோ உன் ரூமுக்கு வந்து தங்குனப்பவே எனக்குத் தெரியும். தெருவுல கேட்டவங்களுக்கெல்லாம், வேலைக்கு கிட்டக்க கீதுன்னு போய்கீறான்னு நாந்தான் சொன்னேன். அதுல எனக்கு ஒரு கலீஜும் தெரில, அன்னிக்கும் தெரில, இன்னிக்கும் தெரில.

ஆனா அந்த புஸ்தகம் கீதே, அது கலீஜு.

கேளு, கத சொல்றேன். அவன் எழுந்துக்கற வரைக்கும் சொம்மாதான குந்திகினு கீற? நான் இன்னா பண்ணேன், நம்ம புஸ்தகத்த எப்டி தொறப்போம், அப்டித் தொறந்தேன். மொதப் பக்கத்துல ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சிகினு படுத்துகீறாங்க. மூஞ்சி பூரா சந்தோசம், சுத்தி ரோசாப்பூவா போட்டு வெச்சிகீறான். சரி, நல்ல ஜோடின்னு நெனச்சேன். பொரட்டப் பொரட்ட சின்னவன் மூஞ்சி வாடுது. அழுவுறான். பெரியவன் அவன் மணிக்கட்ட முறுக்கிப் புடிக்கிறான், செவுத்தோட அழுத்துறான். அப்பால அறையுறான். அப்பால கதவ வெளிய பூட்டிகினு போறான். அதுக்கும் அப்பால, கடைசியில, சின்னவன் மழையில தனியா கொட புட்சிகினு எங்கயோ போய்கினு கீறான். மூஞ்சி தெளிவா கீது. அப்பாடா, தப்பிச்சிட்டாண்டான்னு எனக்கு அவ்ளோ நிம்மதி. ஜப்பான்காரன் பலே ஆளு, உள்ளத உள்ளபடி போட்டுகீறான்னு நெனச்சேன்.

சாவியோகிட்ட சொன்னா வுழுந்து வுழுந்து சிரிக்கிறான். அண்ணி, தலகீழா படிச்சிட்டீங்க, அந்த ஊரு புஸ்தகம் அந்தாண்டருந்து தொறக்கணும்னான். பக்கத்துக்கு அடியில போட்ட நம்பரக் காட்டுனான். ஆமா, நம்பரு பின்னாலருந்துதான் வருது. ஒத்துகினேன். சரின்னு அந்தப் பக்கத்துலருந்து பாத்தேன்.

அப்பத்தாண்ணே தெரிஞ்சுது, அது கலீஜுன்னு.

கொட புட்சிகினு வர்ற புள்ளய ஒருத்தன் வழி மறிக்கிறான். புடிச்சி இழுக்கிறான், பூட்டி வெக்கிறான், அறையுறான். அவன் வேணாம் வேணாம்னு கையால தள்ளுறான், ஆனா வரைஞ்ச புண்ணியவான் கன்னத்துல மட்டும் கோடு கோடா வெட்கம் போட்டு வெச்சிகீறான். கை ஒண்ணு சொல்லுது, கன்னம் ஒண்ணு சொல்லுது. எந்த ஊருலண்ணே அப்டி கன்னம் கீது? அடி வுழுந்த எடத்துல ரத்தங்கட்டி நீலமா வரும், நான் பாத்துகீறேன். இதுல ரோசாப்பூ பூக்குது! அறையுறான், பூக்குது. கழுத்தப் புடிக்கிறான், பூக்குது. பூக்கடையில போய் அடி வாங்குனா மாரி.

கதைதானங்கற. ஆமா, கததான். நம்ம சினிமாவுல மட்டும் இன்னா வாழுது? பின்னாலயே சுத்தி, ஒரு அறை வுட்டா பொண்ணு லவ்வு பண்ணுது. அது ஒரு பிசாத்து, இது ஒரு பிசாத்து. ரெண்டும் ஆம்பளயா வரஞ்சிட்டா மட்டும் வலிக்காதுன்னு நெனச்சான் போல.

இரு, அழுவாதண்ணே, முடிக்கல இன்னும். நடுவுல கறுப்பா ஓரம் கட்டி ஒரு பக்கம் வருது பாரு, அதான் பெரிய பீலா. பெரியவன் சின்னப் புள்ளயா கீறான், அவங்கப்பன் பெல்ட்டால வெளாசுறான், மூலையில குந்திகினு அழுவுறான். ஓ, இவனும் பாவந்தான், அதான் அடிச்சான்னு நாம மூக்க சிந்திகினு மன்னிச்சிடணுமாம். அடிச்சவனுக்கு ஒரு முழு பக்கம். அடி வாங்குனவனுக்கு? சின்னவனோட அம்மா யாரு, அக்கா யாரு, அவனுக்கு ஒரு அண்ணிகாரி கீறாளா, ஒண்ணையும் காணோம். யாருமே இல்லாதவனாத்தான் போட்டுகீறான். யாருனா இருந்தா கதவத் தட்டி இருப்பாங்களே, கத அங்கயே முடிஞ்சிபூடுமே.

தெரியும்ணே. உங்கப்பா படகு கயித்தால உன்ன அடிச்சத சாவியோ சொன்னான். காசிமேட்டுல எல்லாரும் வேடிக்க பாத்தாங்களாமே. கேக்கசொல்லவே எனக்கு கஷ்டமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா எங்கப்பாவும் அடிச்சாரு. கரண்டி, வெறகு, கையில எது கெடச்சாலும். நான் யாரு கையண்ணே ஒடச்சேன்? அம்மு தெனம் சோத்தக் கொட்டுது, என் முடியப் புடிச்சி இழுக்குது. எனக்கும் கை வராதா இன்னா? வரும். அப்ப வெளிய போய் ஒரு கொடம் தண்ணி புட்சாந்துடுவேன்.

சாவியோ பெரியாஸ்பத்திரில டாக்டர்கிட்ட பேப்பரு கட்டு கை மேல வுழுந்துச்சுன்னான். நான் கூடத்தான் நின்னுகினு இருந்தேன். பேப்பரு கட்டுக்கு அஞ்சு வெரலு இருக்குமாண்ணே? தடம் தடமா தெரிஞ்சுது. வூட்டுக்கு வந்தப்புறம் கேட்டேன், ஏண்டா மறைக்கிறன்னு. இன்னா சொன்னான் தெரியுமா? அவரு அடிச்சப்புறம் அழுவாரு அண்ணி, பாக்க பாவமா இருக்கும், இது ஒரு நேரம், அப்பால எல்லாம் சரியாயிடும், அந்த புஸ்தகத்துல வர்றா மாரின்னான். மூட்ட தூக்குற புள்ள, ஒடம்புல அவ்ளோ தெம்பு கீது. கடைசிப் பக்கத்துல ரோசாப்பூ வரும்னு ஒடஞ்ச கையோட காத்துகினு கீறான். நீதான அத அவன் கையில குடுத்து, பாரு, நம்ள மாரியே அந்த ஊர்லயும் கீறாங்கன்ன?

அன்னிக்குத்தான் நான் அவன பக்கத்துல குந்த வெச்சு, நீ உன் கதய சொல்லுடான்னேன். மொதல்ல இன்னாடா? மொதல்ல எண்ணூரு கடற்கரை, ஒரே ஐஸ்கிரீம ரெண்டு பேரா துன்னாங்களாம். அப்பால? அப்பால, யாருகூட பேசுனன்னு சண்ட. அப்பால? அப்பால செவுரு. அப்பால? கதவு வெளிய பூட்டு. அப்பால கையி. அவனே சொல்லிகினு வந்தான், நடுவுல நிறுத்திட்டான். நான் புஸ்தகத்த எடுத்து நம்ம பக்கமா தொறந்து அவன் மடியில வெச்சேன். பாருடா, உன் கத இப்டித்தான் வருது. நான் தலகீழா படிக்கல, நீதான் தலகீழா படிச்சிகினு கீறன்னேன். கடைசியில இன்னா கீது, பாருன்னேன். கொடய ரொம்ப நேரம் பாத்துகினு இருந்தான்.

எல்லாமே அப்டின்னு நான் சொல்லல. அதே கட்டுல இன்னொரு புஸ்தகம் இருந்துச்சு, மெல்லிசா. ரெண்டு பேரு, ஒருத்தனுக்கு ஜொரம், இன்னொருத்தன் கஞ்சி வெக்கிறான், அடிபுடிச்சிபூடுது, ரெண்டு பேரும் அதையே ஊதி ஊதிக் குடிக்கிறாங்க. அந்தாண்டருந்து பாத்தேன், இந்தாண்டருந்து பாத்தேன். எந்தப் பக்கத்துலருந்து பாத்தாலும் ரெண்டு பேருக்கும் மூஞ்சி நல்லாத்தான் கீது. அத சாவியோவோட பையில வெச்சிட்டேன். இதத்தான் அம்மு குண்டிக்கு போட்டேன்.

எந்த பைன்னா... பைதாண்ணே, துணிப்பை. குந்து, எங்க எழுந்துகினு? குரல ஏத்தாத, பக்கத்து வூட்டுல ஞானபாக்கியம் அக்கா ஜெபம் பண்ணிகினு கீது, ஜெபத்த வுட்டுட்டு வெளக்கமாத்தோட வந்துடும். இன்னா, நாளைலருந்து குடோனுக்கு வராதங்கறியா? சரி, வரல. எறா உரிக்க கூப்ட்டுகினுதான் கீறாங்க. சாவியோவப் பத்தி தெருவுல சொல்லிடுவியா? சொல்லேன். உன் பேரயும் சேத்துதான சொல்லணும்?

ஐய, படுக்கயாண்ட திரைய வெலக்கிப் பாத்துட்டியா. அது தலாணிதான். நான் அவன் உள்ள தூங்கறான்னு சொல்லவே இல்லியே, கண்ண மூடுனான்னேன். ரயிலு வர்றவரைக்கும் கொஞ்சம் மூடட்டுமேன்னு அவங்கண்ணன் மடியில சாச்சிகினு இருந்திருப்பாரு, சென்ட்ரல்ல. போன வேணும்னேதான் எங்கிட்ட குடுத்துட்டு போனான். அவரு கொரலு கேட்டா திரும்பிடுவேன் அண்ணின்னு அவனேதான் சொன்னான். எந்த ஊருன்னு கேக்காத, சொல்றதுக்கு எனக்கு பைத்தியமா புடிச்சிகீது?

தோ, ரயிலு கூவுது பாரு. நம்ம திருவொத்தியூர்ல நிக்காது அது, சொம்மா பூடும்.

அம்மு, மாமா சாவிய குடுத்துடு, இனிமே குடுத்துடலாம். வா, பெஞ்சு மேல ஏறு, ஜன்னலாண்ட. சித்தப்பா இந்தப் பக்கம்தான் குந்திகீறான். டாட்டா காட்டு. நல்லா, கைய மேல தூக்கி.