விளக்குக் கம்பத்துப் பிரிசம்

எல்லோரும் நலமா? உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? எனக்கு முட்டி வலிதான், மற்றபடி குறையில்லை. வெயிலில் ஒரு மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று வந்த வலி அது. அந்த மிஷினைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன்.

நான் நில அளவைக்காரி. ஒரு பெரிய கட்டடத்துக்கு அடித்தளக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். குழியை ஒட்டி ஒரு பழைய மாடிவீடு. அது சாய்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. வீட்டுச் சுவரில் பிரிசங்களைப் பதித்திருந்தோம். உள்ளங்கையில் அடங்குகிற கண்ணாடிக் கட்டி; மேலே படுகிற ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். எதிரே முக்காலியில் நிற்கிற மிஷின் தானாகவே திரும்பித் திரும்பி ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அளக்கும். சுவர் நகர்ந்தால் மணி அடிக்கும், குழி வேலை நின்றுவிடும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்களுடையது அரதப் பழசு. புது மிஷின்களுக்குத் தன் பிரிசம் எது என்று தெரியுமாம். இதற்கு மினுங்கியதெல்லாம் பிரிசம்தான். லாரி குறுக்கே போனால் பிடியை விட்டுவிட்டு, சாவியைத் தொலைத்தவள் மாதிரி மேலும் கீழும் தேடும். ஒருநாள் காவலாளியின் சட்டையில் இருந்த ஒளிப்பட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே திரும்பிப் போனது. மணி அலறியது. இன்ஜினியர் போன் செய்தார்.

"என்னம்மா, வீடு எந்திரிச்சு கக்கூசுக்கு நடந்து போகுதா?"

முதலாளியிடம் புதுசு கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது.

"ஓடுற மிஷினுக்கு என்னம்மா குறை? உனக்குத்தான் பாத்துக்கத் தெரியல."

வேலை நின்ற ஒவ்வொரு தடவையும் திட்டு எனக்குத்தான்.

மழைக்குப் பிறகு மணி ஓயவில்லை. எப்போதும் ஒரே பிரிசம், அந்த மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த தையல்காரியின் ஜன்னலுக்கு மேலே இருந்தது. லாரியும் இல்லை, காவலாளியும் இல்லை. கண்ணாடியைத் துடைத்தேன், முக்காலியைச் சரிசெய்தேன். மறுபடியும் அடித்தது. எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

அந்த ஜன்னலை ஒட்டி ஒரு விளக்குக் கம்பம் நின்றது. கைவசம் இருந்த வேறொரு பிரிசத்தை அதில் கட்டினேன். சுவரில் இருந்ததை லேசாக வேறு பக்கம் திருப்பிவிட்டேன், அவ்வளவுதான். மிஷின் தேடியது, பக்கத்தில் மினுங்கியதைப் பிடித்துக்கொண்டது. பிரிசம் மாற்றினால் அன்றிலிருந்து கணக்கைப் புதிதாகத் தொடங்குவது எங்கள் வழக்கம். தொடங்கினேன். அப்புறம் மணி வாயே திறக்கவில்லை. இன்ஜினியர் முதல்முறையாக என்னைப் பாராட்டினார்.

தையல்காரி என்னிடம் பிரியமாக இருப்பாள். கிழிந்த சட்டையைக் கொடுத்தால் நின்ற நிலையில் தைத்துக் கொடுத்துவிடுவாள்.

"அக்கா, கதவு மூடவே மாட்டேங்குது. மேல ஒரு ஓரமா இடிக்குது."

"மழைக்கு மரம் ஊதியிருக்கும்டி. தச்சரக் கூப்பிட்டுச் சீவிக்கோ."

"அதானே! உங்க மிஷின்தான் கண்ணு கொட்டாம பாத்துட்டு இருக்கே. எனக்கென்ன பயம்?"

தச்சர் வந்து சீவிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் மறுபடியும் இடித்தது. மறுபடியும் சீவச் சொன்னேன்.

மரம் ஊதினால் கதவு சுற்றிலும் இறுகும். சுவரோடு கதவு நிலை சாய்ந்தால்தான் ஒரு ஓரம் மட்டும் இடிக்கும். இது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் பிரிசத்தைப் பழையபடி திருப்பி வைத்தால் மணி அடிக்கும். யார் திட்டு வாங்குவது, சொல்லுங்கள்.

சுவர் ஒரு மத்தியானம் விழுந்தது. அவளை வெளியே எடுத்தபோது கழுத்தில் அளவு நாடா அப்படியே கிடந்தது. கம்பம் இம்மிகூட அசையவில்லை. எல்லோரும் செங்கல்லை அள்ளிக்கொண்டிருந்தபோது அதிலிருந்த பிரிசத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மிஷின் பழசு, எதையோ தப்பாகப் பிடித்துவிட்டது என்று விசாரணையில் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். அதில் பொய் எங்கே இருக்கிறது? கட்டியது நான், திருப்பியது நான். பிடித்தது மிஷின்தானே?

இப்போது புதுசு வாங்கிவிட்டார்கள். நான் கேட்டபோதே வாங்கியிருந்தால் அவள் இன்றைக்கும் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பாள். உங்களையும் ஏதாவது பழைய மிஷின் இப்படி மாட்டிவிட்டிருந்தால் கூச்சப்படாமல் எனக்கு எழுதுங்கள். நம்மைப் போல் கஷ்டப்பட்டவர்களுக்குத்தான் அந்த வலி புரியும்.