மலையின் வாயை அடைத்தவன்

ஒரு மலையின் வாயை நான் ஒற்றைக் கையால் அடைத்திருக்கிறேன். மறு கையில் டீ இருந்தது. சிரிக்காதீர்கள் ஐயா; விசாரிக்கிறவர் சிரித்தால் எனக்குக் குஷி வந்துவிடும், அப்புறம் அதை இரண்டு மலையாக்கிவிடுவேன்.

மலை என்றால் குப்பை மலை. ஊரே கொட்டித் தீர்த்தபின் மண்ணையும் புல்லையும் போர்த்தி மூடிய பழைய கிடங்கு. அதன் அடிவாரத்தில் எழும்பிய புது வீடுகளுக்கு, ஓய்வு பெறும்வரை நான்தான் மேற்பார்வையாளர். உள்ளே அழுகுவது வாயுவாக வெளியேறுவதற்குப் புல்லுக்கு நடுவே குழாய்கள் நின்றன. வேலையாட்கள் அவற்றை மூச்சுக்குழாய் என்பார்கள்.

வீடு பார்க்க வந்த கனவான்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவர்கள் போட்ட குப்பைதான். அடுத்தவன் வீட்டுப் பிணத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். மலை வேண்டும், புல் வேண்டும், அது மூச்சு மட்டும் விடக் கூடாது. சரி, விட வேண்டாம் என்று ஒவ்வொரு குழாயிலும் சிமென்டை அடைத்து, மேலே பூந்தொட்டி வைத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அடுத்து வந்தவர் நெஞ்சு புடைக்க இழுத்து, “ஆகா, சுத்தமான காத்து” என்றார். அந்த முகத்துக்காக இன்னொரு மலையையும் அடைப்பேன்.

வாயை அடைத்தால் வாயு பக்கவாட்டில் நகரும். வீடுகளின் நிலவறைகளில் போய், ஒரு பொறிக்காகக் காத்து உட்காரும். தெரியாது என்று சொல்லமாட்டேன். மண்ணோடு மல்லுக்கட்டியே நரைத்தவன் நான்.

மறைக்கவும் இல்லை. என் தங்கையின் கணவருக்கு வீட்டில் ‘ஆதாரம்’ என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் அதைத்தான் கேட்பார். அங்கே வீடு வாங்கப் போவதாக அவர் சொன்ன அன்றைக்கே, சாப்பாட்டு மேசையில் போட்டு உடைத்தேன்.

“மாப்ள, மலை வாயை அடைச்சிட்டேன். இனி அது உங்க வீட்டுக்குள்ளதான் மூச்சு விடும்.”

“போன மாசம் கிரேனைத் தோள்ல சுமந்தீங்க. இப்ப மலையா? ஆதாரம் எங்க மச்சான்?”

“வீட்டை வாங்குங்க. தானா வரும்.”

தங்கைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. “அண்ணா, உன் புளுகைக் கொட்டத்தான் தனியா ஒரு கிடங்கு வேணும்.”

கண்ணடிக்காமல் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். கண்ணடித்தேன். உண்மையைச் சொல்வது என் கடமை. நம்ப வைப்பது என் வேலை இல்லை.

வாங்கினார்கள். குடிபோனபின் வந்த பெருமழையில் மேல்மண் இறுகிக்கொண்டது. மறுநாள் காலை தங்கை துணி துவைக்க நிலவறைக்கு இறங்கி, விளக்குச் சுவிட்சைத் தட்டினாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளைப் பிணவறைக்கு மாற்றியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் கட்டு. உதடு மட்டும் தெரிந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன். இனி வருவதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, எனக்கு இதுதான் முக்கியம். எங்கள் உறவில் முதல்முறையாக அவர் ஆதாரம் கேட்கவில்லை.

“நிஜந்தான் மச்சான்,” என்றார். “நீங்க சொன்னது அத்தனையும் நிஜம்.”