நாலு இஞ்சி

ஜெலுத்தோங் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். மூத்தவர் குள்ளம். மடியில் புது பிளாஸ்டிக் ஸ்டூல் வைத்திருந்தார்.

“என்னண்ணே, பஸ்ஸுல சீட்டு கிடைக்காதுன்னு கையோட கொண்டாந்துட்டீங்களா?”

“ஜீப்புல ஏறத்தான் தம்பி. நேத்து ஸ்பிரிங்கு மாத்தி வண்டிய நாலு இஞ்சி உசரம் தூக்கிட்டேன்.”

“நாலா? ரெண்டு போதும்லா.”

“வொர்க்‌ஷாப்காரனும் அதான் சொன்னான். பக்கத்து வீட்டுக்காரன் மூணு தூக்கியிருக்கானே.”

“காட்டுக்குப் போறீங்களா?”

“பாசாருக்குத்தான், காய்கறி வாங்க.”

“வீட்டுல அக்கா என்ன சொன்னாங்க?”

“அவளுக்கு முட்டி வலி. காலையில ஜீப்ப அண்ணாந்து பார்த்தா. ‘சாயந்திரம் கோயிலுக்கு நான் பஸ்ஸுலயே போய்க்கிறேன்’னுட்டா. உனக்காகத்தான்னு சொல்லி வாங்குன ஜீப்பு தம்பி. இன்னிக்கு எப்படியாவது அவள ஏத்திரணும்.”

“அது சரி, ஸ்டூல் வாங்க நீங்க ஜீப்புல போயிருக்கலாமே?”

அவர் ஸ்டூலை மடியில் திருப்பி வைத்தார்.

“ஸ்டூல் இல்லாம நான் மட்டும் எப்படி ஏறுறது? நேத்து வொர்க்‌ஷாப்காரன்தான் தூக்கி விட்டான்.”

தம்பி சிரித்தார். அவரும் சிரித்தார். நானும் குள்ளம்தான். சிரிக்கவில்லை.

“அண்ணே, நீங்க ரெண்டு பேரும் ஏறுனப்புறம் கீழ கிடக்கிற ஸ்டூல யாரு எடுப்பா?”

அவர் ஸ்டூலையே பார்த்தார். பிறகு எழுந்து மணியை அடித்தார்.

“எங்கண்ணே?”

“வொர்க்‌ஷாப்புக்கு. ரெண்டு இஞ்சி இறக்கித் தருவானான்னு கேட்டுட்டு வரேன்.”

பஸ் நின்றது. படி உயரம். முதலில் ஸ்டூலைக் கீழே வைத்தார். அப்புறம் அதன்மேல் கால் வைத்து இறங்கினார்.